இன்று எந்த ஏ.டி.எம். இயந்திரத்திற்கு எவ்வளவு பணம்?
கணினி நிரலுக்குள் அமர்ந்து முடிவெடுக்கும் கணிதம்

மாதத்தின் முதல் வாரத்தில், ஊதியமும் ஓய்வூதியமும் கணக்குகளில் வரவாகும் நாட்களில், ஏ.டி.எம். மையங்களின் முன் வரிசை நீள்வது வழக்கம். அட்டையைச் செருகி, இரகசிய எண்ணை அழுத்திய சில நொடிகளில் தாள்கள் வெளிவருகின்றன. அந்தத் தாள்கள் அங்கே எப்போது வந்தன, ஏன் அத்தனை மட்டும் வந்தன என்ற கேள்விகள் வாடிக்கையாளர் மனத்தில் எழுவதில்லை. 'பணம் இல்லை' என்ற அறிவிப்பு திரையில் தோன்றும் நாளில்தான் அவை எழுகின்றன.

வங்கியில் பணிபுரியும் நமக்கோ அக்கேள்விகள் நாள்தோறும் எழுபவை. முன்பெல்லாம் அனுபவமிக்க காசாளரும் கிளை மேலாளரும் தம் கணிப்பைக் கொண்டு விடை கண்டனர். இன்று பல இடங்களில் அந்த விடையை முதலில் முன்மொழிவது ஒரு கணினி நிரல். அந்த நிரலுக்குள்ளே ஒரு கணித மாதிரி பொதிந்திருக்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது, எதை அறியும், எதை அறியாது என்பதை நம் வாடிக்கையாளர்கள் தெரிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில் அதே வகை மாதிரிகள் விமான நிறுவனங்களின் பணியாளர் அட்டவணையையும், தொழிற்சாலைகளின் உற்பத்தித் திட்டத்தையும், நாம் வாங்கும் பொருள்கள் வந்து சேரும் வழியையும் வகுத்துவருகின்றன.

இரு செலவுகளுக்கு இடையே

முதலில் ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து நாளொன்றுக்கு 4 இலட்சம் ரூபாய் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் நிரப்ப ஒருமுறை வாகனம் சென்று வர 1,500 ரூபாய் செலவு. இயந்திரத்துக்குள் இருக்கும் பணம் வட்டி ஈட்டுவதில்லை. அதே தொகை வேறிடத்தில் இருந்தால் ஆண்டுக்கு 7 சதவீதம் ஈட்டும் எனக் கொள்வோம். இவ்வெண்கள் யாவும் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவையே.

இரண்டு நாட்களுக்கு ஒருமுறை 8 இலட்சம் நிரப்பினால், ஆண்டுக்கு வாகனச் செலவு 2,73,750 ரூபாய். இயந்திரத்தில் சராசரியாக 4 இலட்சம் தங்கியிருப்பதால் இழக்கும் வட்டி 28,000 ரூபாய். மொத்தம் 3,01,750 ரூபாய். பத்து நாட்களுக்கு ஒருமுறை 40 இலட்சம் நிரப்பினால் வாகனச் செலவு 54,750 ரூபாயாகக் குறைகிறது. வட்டி இழப்போ 1,40,000 ரூபாயாக உயர்கிறது. மொத்தம் 1,94,750 ரூபாய். ஆறு நாட்களுக்கு ஒருமுறை 24 இலட்சம் நிரப்பினால் வாகனத்திற்கு 91,250, வட்டிக்கு 84,000, ஆக மொத்தம் 1,75,250 ரூபாய். இரு செலவுகளும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவாக அமைகிறது.

வணிகவியல் பயின்றவர்கள் இதில் 'சிக்கன ஆணையளவு' என்ற பழைய பாடத்தை உடனே அடையாளம் காண்பார்கள். 1913-இல் எஃப்.டபிள்யூ. ஹாரிஸ் என்பவர் சரக்கிருப்புக்காக வகுத்த சூத்திரம் அது. ரொக்கமும் ஒருவகைச் சரக்கிருப்பே என்று கண்டு, அச்சூத்திரத்தை 1952-இல் பணத்திற்குப் பொருத்திக் காட்டியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வில்லியம் பாமோல். மேற்கண்ட எண்களை அச்சூத்திரத்தில் இட்டால் ஒருமுறை நிரப்ப வேண்டிய தொகை சுமார் 25 இலட்சம் என்று வருகிறது.

இயந்திரம் ஒன்றே ஒன்றாக இருந்தால் இந்தச் சூத்திரமும் ஒரு கணிப்பானும் போதும். கணினி நிரலுக்கு அங்கே வேலையில்லை.

ஒன்று இருபதாகும்போது

இப்போது ஒரு நகரத்திலும் அதைச் சுற்றியும் இருபது இயந்திரங்கள், அவற்றுக்கு ஒரே வாகனம் என்று கொள்வோம். இன்று ஒவ்வொன்றுக்கும் செல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள். இருபது இயந்திரங்களுக்கும் சேர்த்தால் 10,48,576 வாய்ப்புகள். ஒரு வாரத்திற்குத் திட்டமிட முனைந்தால் வாய்ப்புகளின் எண்ணிக்கை 43 இலக்க எண்ணாகிவிடும். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தேர்ந்தெடுப்பது எந்தக் கணினிக்கும் இயலாத செயல்.

அதன்மேல் விதிகள் வருகின்றன. தனியார் காவல் நிறுவனங்கள் பணம் கொண்டுசெல்வது குறித்து மத்திய உள்துறை அமைச்சகம் 2018-இல் அறிவித்த விதிகளின்படி, நகர்ப்புறங்களில் இரவு 9 மணிக்குப் பின்னும் கிராமப்புறங்களில் மாலை 6 மணிக்குப் பின்னும் ஏ.டி.எம். இயந்திரங்களில் பணம் நிரப்பக் கூடாது. ஒரு பயணத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. இயந்திரத்தின் கொள்ளளவும் ஓர் எல்லையே. பொதுவாக ஓர் இயந்திரத்தில் நான்கு கேசட்டுகள் இருக்கும். ஒரு கேசட்டில் 2,500 தாள்கள் அடங்கும் எனில், மூன்றில் 500 ரூபாய்த் தாள்களும் ஒன்றில் 100 ரூபாய்த் தாள்களும் நிரப்பினால் மொத்தம் 40 இலட்சம் ரூபாய்.

எந்தக் கேசட்டில் எந்தத் தாள் என்பதும் முழுவதும் நம் விருப்பத்திற்கு உரியதன்று. குறைந்தது ஒரு கேசட்டிலிருந்தேனும் 100 அல்லது 200 ரூபாய்த் தாள்கள் கிடைக்குமாறு, 2025 செப்டம்பர் 30-க்குள் 75 சதவீத இயந்திரங்களிலும், 2026 மார்ச் 31-க்குள் 90 சதவீத இயந்திரங்களிலும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியது. சில்லறை கிடைக்காமல் அல்லற்படும் வாடிக்கையாளருக்கு இது நன்மை. ஆனால் 500 ரூபாய்த் தாள் நிரம்பிய கேசட்டில் 12.5 இலட்சம் அடங்கும் இடத்தில் 100 ரூபாய்த் தாள் 2.5 இலட்சம் மட்டுமே அடங்குவதால், இயந்திரம் விரைவில் காலியாகிறது. வாகனம் அடிக்கடி செல்ல வேண்டியதாகிறது. ஒரு விதி மாறினால் கணக்கு முழுவதும் மாறுகிறது.

இத்தனை எல்லைகளுக்கும் உட்பட்டு, மொத்தச் செலவு மிகக் குறைவாக அமையும் திட்டத்தைக் காண்பதே 'உகந்த தீர்வு' காணும் கணக்கு. நம் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பின் வணிகக் கணிதத்தில் 'நேரிய திட்டமிடல்' என்ற தலைப்பில் இரண்டு மாறிகளைக் கொண்டு வரைபடத்தாளில் போடும் கணக்கின் மூத்த உறவே இது.

கணக்கு நடந்துவந்த பாதை

1938-இல் சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை அமைப்பு ஒன்று லியோனித் கான்டரோவிச் என்ற இளம் கணித அறிஞரிடம் ஒரு கேள்வியுடன் வந்தது: இருக்கும் எந்திரங்களை எந்த மூலப்பொருளுக்கு எவ்வளவு நேரம் ஓட்டினால் உற்பத்தி மிகும்? அக்கேள்வியிலிருந்து அவர் ஒரு புதிய கணிதப் பிரிவையே உருவாக்கினார். 1975-இல் அவருக்கும் ட்யாலிங் கூப்மன்ஸுக்கும் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

அவரது ஆய்வை அறியாமலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் 'சிம்ப்ளெக்ஸ்' முறையை வகுத்தார். அக்காலத்து அமெரிக்கப் படைத்துறையில் 'புரோகிராம்' என்ற சொல், படைகளுக்கான பயிற்சி, வழங்கல் முதலியவற்றின் திட்டத்தைக் குறித்தது. 'நேரிய திட்டமிடல்' என்பதன் ஆங்கிலப் பெயரில் உள்ள சொல் அதுவே. கணினி நிரலுக்கும் அதற்கும் அன்று தொடர்பில்லை. அந்தத் திட்டமிடல் இன்று கணினி நிரலுக்கு உள்ளேயே குடியேறியிருப்பது சுவையான தற்செயல்.

அந்த ஆண்டு செய்யப்பட்ட ஒரு சோதனை அன்றைய உழைப்பின் அளவைக் காட்டும். 77 உணவுப் பொருள்களிலிருந்து 9 வகைச் சத்துகள் குறையாமல், மிகக் குறைந்த செலவில் ஓராண்டு உணவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு அது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் தம் மதிநுட்பத்தால் 39.93 டாலர் என்ற விடையை எட்டியிருந்தார். சிம்ப்ளெக்ஸ் முறையில் அதையே செய்து பார்க்க, மேசைக் கணிப்பான்களுடன் அமர்ந்த ஒன்பது எழுத்தர்களுக்கு மொத்தம் 120 ஆள்நாட்கள் பிடித்தன. விடை 39.69 டாலர். இன்று ஒரு மடிக்கணினி அதனை இமைப்பொழுதில் முடித்துவிடும்.

விரைவுக்குக் காரணம் கணினிகளின் ஆற்றல் மட்டுமன்று, முறைகளும் வளர்ந்தன. முழு எண்களில் விடை வேண்டும் கணக்குகளுக்காக 1960-இல் இலண்டனில் ஐல்சா லாண்ட், அலிசன் டாய்க் என்ற இரு பெண் அறிஞர்கள் 'கிளைத்து வரம்பிடும்' முறையை வெளியிட்டனர். நமக்கு அது மிகவும் தேவையானது. ஏனெனில் வாகனம் ஓர் இயந்திரத்திற்குப் போகும் அல்லது போகாது, 0.6 பங்கு போவதில்லை. 1984-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற இந்தியரான நரேந்திர கர்மார்க்கர், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து பெரும் நேரிய கணக்குகளுக்கான புதிய வழியைக் காட்டினார். அவர் திறந்த பாதையில் வளர்ந்த முறைகள் இன்று பெரும்பாலான தீர்வு மென்பொருள்களில் சிம்ப்ளெக்ஸுடன் அருகருகே இடம்பெற்றுள்ளன.

நிரலுக்குள் மாதிரியைப் பொதித்தல்

தொடக்கத்தில் கணக்கு வேறு, அலுவலகம் வேறாக இருந்தன. நிபுணர் ஒருவர் எண்களைத் திரட்டி, துளையட்டைகளில் பதித்து, கணினி மையத்திற்கு அனுப்பி, வரும் அச்சுத்தாளைப் படித்துப் பொருள் சொல்வார். ஒரு விதி மாறினாலும் எல்லாவற்றையும் மீண்டும் அடுக்க வேண்டும். ஆண்டுத் திட்டத்திற்கு இது போதும். அன்றாடம் அதிகாலையில் விடை வேண்டும் பணிக்கு இது உதவாது.

இந்நிலையை மாற்றிய முன்னோடிகளில் ஒன்று உலக வங்கி. அங்கே 1970-களில் உருவான 'காம்ஸ்' என்ற மாதிரி மொழி, சமன்பாடுகளைக் கணித ஏட்டில் எழுதுவது போலவே கணினிக்கு எழுத வழிசெய்தது. 1980-களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் 'ஆம்பிள்' பிறந்தது. அடுத்த கட்டமாக, தீர்வு காணும் மென்பொருளைப் பிற நிரல்கள் தமக்குள்ளிருந்தே அழைக்கக்கூடிய வடிவம் வந்தது. இன்று பைத்தான் போன்ற பொதுவான நிரல்மொழியில் எழுதப்படும் வங்கி மென்பொருளுக்குள்ளேயே மாறிகளையும் கட்டுப்பாடுகளையும் எழுதிவிடலாம். 'பைஓமோ', 'பல்ப்' முதலிய கட்டணமற்ற தொகுப்புகளும் இதற்கு உதவுகின்றன.

இவ்வாறு பொதிக்கப்பட்ட மாதிரியில் மூன்று பகுதிகள் தனித்தனியே நிற்க வேண்டும். முதலாவது தரவு: நேற்றிரவு ஒவ்வோர் இயந்திரத்திலும் எஞ்சிய பணம், கடந்த மாதங்களின் எடுப்பு, நாளை விடுமுறையா என்ற குறிப்பு. இரண்டாவது மாதிரி: எது மாறி, எது எல்லை, எது குறிக்கோள் என்ற விவரம். மூன்றாவது தீர்வுப்பொறி: சமன்பாடுகளைப் பெற்று விடையைத் திருப்பித்தரும் மென்பொருள். தரவு நாள்தோறும் மாறும். மாதிரி, விதி மாறும்போது மட்டும் மாறும். பொறியை வேண்டும்போது வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றையும் குழைத்து எழுதிவிட்டால், 21-ஆவது இயந்திரம் திறக்கப்படும் நாளில் நிரல் முழுவதையும் கலைத்துப்போட நேரும்.

மாதிரிக்குள் இருக்கும் சமன்பாடுகள் அச்சமூட்டுபவை அல்ல. அவற்றுள் முதன்மையானது நாம் எல்லோரும் அறிந்த ரொக்கப் புத்தகமே:

தொடக்க இருப்பு + நிரப்பிய தொகை − எடுக்கப்பட்ட தொகை = இறுதி இருப்பு

ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஒவ்வொரு நாளுக்கும் இதனை ஒருமுறை எழுத வேண்டும். இன்றைய இறுதி இருப்பே நாளைய தொடக்க இருப்பு. இருபது இயந்திரங்கள், ஏழு நாட்கள் எனில் 140 வரிகள். நிரல் ஒரே வாக்கியத்தில் இதனைச் சொல்லி 140 முறை விரித்துக்கொள்கிறது. மற்றொன்று:

நிரப்பும் தொகை ≤ கொள்ளளவு × பயணம்

இங்கே 'பயணம்' என்ற மாறி 0 அல்லது 1 என்ற மதிப்பை மட்டுமே ஏற்கும். வாகனம் செல்லாவிட்டால் வலப்புறம் சுழியமாகிவிடும். ஆகவே நிரப்பும் தொகையும் சுழியமாகும். செல்லாத வாகனம் பணம் நிரப்ப முடியாது என்ற எளிய உண்மையைக் கூட இப்படி எழுதித்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பயணச் செலவே இல்லாமல் எல்லா இயந்திரங்களும் தாமே நிரம்பிக்கொள்ளும் அற்புதத் திட்டம் ஒன்றைக் கணினி தயங்காமல் அளித்துவிடும்.

அலகுகளிலும் கவனம் வேண்டும். ஒரு வரியில் கோடிகளும் அடுத்த வரியில் ஒரு நாள் வட்டியான 0.00019 போன்ற பின்னமும் கலந்து நின்றால் தீர்வுப்பொறியின் துல்லியம் குலையும். எல்லாத் தொகைகளையும் இலட்சங்களில் எழுதுவது போன்ற எளிய ஒழுங்கு, பல மணி நேரத் தேடலைத் தவிர்க்கும்.

'தீர்வு இல்லை' என்பதும் ஒரு விடை

பள்ளிக் கணக்கில் விடை எப்போதும் உண்டு. நடைமுறையில் அப்படியன்று. தீர்வுப்பொறி உகந்த தீர்வைத் தரலாம். எல்லா எல்லைகளையும் ஒருங்கே காக்கும் திட்டம் ஏதுமில்லை என்று கூறலாம். செலவை எல்லையின்றிக் குறைத்துக்கொண்டே போகலாம் என்று கூறலாம். அது பெரும்பாலும் மாதிரியில் ஒரு கட்டுப்பாடு விடுபட்டதன் அறிகுறி. அல்லது, கொடுத்த நேரம் முடிந்துவிட்டது, இதுவரை கண்டதில் சிறந்தது இது, உண்மையான உகந்த தீர்வு இதைவிட இத்தனை சதவீதத்திற்கு மேல் சிறந்திருக்க முடியாது என்று நேர்மையாகச் சொல்லலாம்.

மாதிரியைப் பொதித்திருக்கும் நிரல் இந்நான்கையும் எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய நாள் வாகனம் பழுதாகிறது. இருபது இயந்திரங்களில் எதுவுமே காலியாகக் கூடாது என்ற விதியோ மாதிரியில் இரும்பாக நிற்கிறது. அப்போது பொறி 'தீர்வு இல்லை' என்று மட்டும் கூறும். ஆனால் அலுவலருக்குத் தேவைப்படுவது 'இயலாது' என்ற சொல் அன்று. 'இயன்றவரை எது' என்ற விடை.

ஆகவே கட்டுப்பாடுகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வாகனத்தில் 5 கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது, இரவு 9 மணிக்குப் பின் நிரப்பக் கூடாது என்பன சட்டம், அவை வளையா. இயந்திரம் காலியாகக் கூடாது என்பது நம் நோக்கம். அதனை வளையும் கட்டுப்பாடாக எழுதி, வளைந்தால் ஒரு தண்டத்தைச் செலவில் சேர்க்கலாம். அப்போது நெருக்கடி நாளிலும் நிரல் ஒரு திட்டத்தைத் தரும். எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் காலியாக இருக்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லும்.

எழுதியதை மட்டுமே அறியும்

அந்தத் தண்டம் எவ்வளவு என்று யார் முடிவுசெய்வது? உண்மையில் இந்தத் துறையின் கடினமான வினா இதுவே.

டான்ட்சிக் தம் அனுபவம் ஒன்றை எழுதியுள்ளார். 1950-களின் தொடக்கத்தில் உடல் எடையைக் குறைக்க எண்ணிய அவர், தமக்கான உணவைக் கணினியிடமே கேட்டார். கலோரி எல்லைக்குள், நீரின் எடை நீக்கி, வயிறு நிறையும் உணவு எது என்பது கேள்வி. நாளொன்றுக்கு 500 காலன் வினிகர் அருந்துமாறு கணினி பரிந்துரைத்தது. அதாவது சுமார் 1,900 லிட்டர். பட்டியலில் வினிகரின் நீர்ச்சத்து சுழியம் எனப் பதிவாகியிருந்ததே காரணம். வினிகரை நீக்கியபின், நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகள் என்ற விடை வந்தது. அளவுக்கு மிஞ்சினால் உப்பும் நஞ்சு என்பதை யாரும் மாதிரியில் எழுதியிருக்கவில்லை.

இந்த நிகழ்வு சிரிக்க வைக்கிறது. ஆனால் இதே வகைப் பிழை பணம் நிரப்பும் மாதிரியில் நேர்ந்தால் சிரிக்க முடியாது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் திட்டப்படி, ஓர் ஏ.டி.எம். இயந்திரம் ஒரு மாதத்தில் மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் பணமின்றி இருந்தால் வங்கிக்கு 10,000 ரூபாய் தண்டம். வாடிக்கையாளரின் நலன் கருதிய நல்ல விதி. இதனை அப்படியே மாதிரியில் எழுதினால் என்ன நிகழும் என்று பார்ப்போம்.

மலைப்பாதையில் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு சிற்றூர். அங்கே ஒரே ஓர் இயந்திரம். ஒருமுறை சென்றுவர 4,000 ரூபாய் செலவு என வைத்துக்கொள்வோம். மண்சரிவால் பாதை அடைபட்டு, மாதத்தின் 9-ஆம் நாளில் அந்த இயந்திரம் பத்து மணி நேர எல்லையைத் தாண்டிவிட்டது. தண்டம் உறுதியாகிவிட்டது. இனி அது மேலும் இருபது நாட்கள் காலியாக இருந்தாலும் தண்டம் அதே 10,000 ரூபாய்தான். சென்று நிரப்பினாலோ ஒவ்வொரு முறையும் 4,000 ரூபாய் செலவு. செலவைக் குறைப்பதே குறிக்கோள் என்று கற்ற நிரல், பாதை சீரான பின்பும் அம்மாதம் முடியும்வரை அவ்வூருக்கு வாகனத்தை அனுப்பாது. கணிதத்தில் பிழையில்லை. விதியும் மீறப்படவில்லை. ஆயினும் ஓய்வூதியத்தை எடுக்க முதியவர் ஒருவர் பேருந்தேறி அடுத்த நகரம் செல்ல வேண்டியிருக்கும். அவருடைய பயணச் செலவும் களைப்பும் நம் குறிக்கோள் சார்பில் எங்கும் இடம்பெறவில்லை.

இத்தகைய மாதிரியை எழுதுவோர் விதியோடு நில்லாமல், அதன் நோக்கத்தையும் எழுத வேண்டும். காலியாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒரு மதிப்பு. அருகில் வேறு இயந்திரம் இல்லாத ஊருக்கு அதைவிடக் கூடுதல் மதிப்பு. பாதை திறந்திருக்கும்வரை எந்த இயந்திரமும் தொடர்ந்து இரண்டு நாட்கள் காலியாக இருக்கலாகாது என்ற வளையாத கட்டுப்பாடு. இவை மூன்று வரிகளே. ஆனால் இவற்றை எழுதச் சொல்லும் அறிவு கணினியிடமிருந்து வராது. அவ்வூரின் சந்தை நாள் எது, பேருந்து எத்தனை மணிக்கு, திருவிழா எப்போது என்று அறிந்த கிளை அலுவலரிடமிருந்தே வர வேண்டும். ஆகவேதான் நிரல் தரும் திட்டத்தை ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் அளிக்கும் படிநிலை தேவைப்படுகிறது. அவர் திட்டத்தை மாற்றினால், ஏன் மாற்றினார் என்பதைப் பதிவுசெய்வதும் அவ்வளவு தேவையானது. ஒரே காரணம் மீண்டும் மீண்டும் பதிவானால், அது மாதிரியில் சேர வேண்டிய புதிய வரி.

நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல்

தொழில், வணிகம் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் பலர் இதே கணக்கை நாள்தோறும் மனத்திலேயே போடுகின்றனர். எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது, எந்த எந்திரத்தில் எதை ஓட்டுவது, ஒரே வண்டியில் எந்தக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவது என்பன யாவும் உகந்த தீர்வு வேண்டும் வினாக்களே. தொடங்குவதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருள்களிலேயே 'சால்வர்' என்ற வசதி உண்டு. சிறிய கணக்குகளை அதிலேயே தீர்த்துப் பார்க்கலாம்.

அதற்குமுன் ஒரு தாளில் மூன்று பட்டியல்கள் எழுதிக்கொள்வது நலம். நாம் மாற்றக்கூடியவை எவை? நம்மால் மீற முடியாத எல்லைகள் எவை? எதனை மிகுதியாக்க அல்லது குறைக்க விரும்புகிறோம்? மூன்றாவது பட்டியலில் இலாபம் என்று எழுதிய பின், எழுதாமல் விட்டது எது என்று மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். பல்லாண்டு பழகிய வாடிக்கையாளரின் நம்பிக்கை, தொழிலாளரின் ஓய்வு நேரம், மழைக்காலத்திற்கான கையிருப்பு ஆகியவை அங்கே இடம்பெறாவிட்டால், கணினி அவற்றுக்குச் சுழிய மதிப்பே தரும்.

விடை வந்ததும் அதனை எண்ணாக மட்டும் பார்க்காமல், அந்தத் தொழிலில் நீண்டகாலம் உழைத்த ஒருவரிடம் காட்டுவது நன்று. வினிகரை முதலில் அடையாளம் காண்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

உங்கள் பகுதியில் உள்ள ஏ.டி.எம். இயந்திரத்தில் குறிப்பிட்ட நாட்களில் பணம் தீர்ந்துபோவதாகவோ, சிறு மதிப்புத் தாள்கள் கிடைப்பதில்லை என்றோ நீங்கள் கண்டால், கிளையில் தெரிவிக்கத் தயங்க வேண்டாம். சந்தை நாள் மாறியதோ, அருகில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டதோ பழைய தரவுகளில் தென்படாது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரியை மாதிரியில் சேர்த்துவிட்டால், மறுநாள் முதல் நிரல் அதனையும் கணக்கிட்டே வாகனத்தை அனுப்பும்.